விட்டால் மூட வேண்டும்

கையை எடுத்தாலும் ஆக்சிலேட்டரை முறுக்கிய இடத்திலேயே பிடித்து வைக்கும் த்ராட்டில் லாக்கை என் மோட்டார் சைக்கிளில் பொருத்தி ஓட்டத் தொடங்கியதிலிருந்து ஓர் உறுத்தல் கூடவே வருகிறது. கைக்கு அது செய்யும் நன்மையில் எனக்குச் சந்தேகமில்லை. விழுப்புரம் தாண்டி உளுந்தூர்பேட்டையை நோக்கி நீளும் நேர்சாலையில், வலது கையை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்து விரல்களை விரித்து மடக்கித் தொடையில் தேய்த்துக்கொள்ளும் அந்தச் சில நொடிகளில், மரத்துப்போன சுண்டுவிரலுக்கு உயிர் திரும்புவது நன்றாகவே தெரிகிறது. உறுத்துவது வேறு. கையை எடுத்த பிறகும் எஞ்சின் அதே சுருதியில் ஓடிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நேரத்துக்கு முன்பு நான் கேட்ட வேகத்தை, இப்போதும் நான் கேட்டுக்கொண்டிருப்பதாகவே வண்டி நம்பிக்கொண்டிருக்கிறது. எனக்கு இப்போது அந்த வேகம் வேண்டுமா என்று அதற்குத் தெரியாது. பிடியில் என் கை இருந்தவரை அதற்குத் தெரிந்திருந்தது. இந்த வித்தியாசம் மிகச் சின்னதுதான். ஆனால் கார் ஓட்டும்போதோ பஸ்ஸில் போகும்போதோ வராத ஒரு கூச்சம், முதுகுத்தண்டில் ஓடும் ஒரு சில்லிப்பு, இந்த இடத்தில் வருகிறது. அதை பயம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட மனம் ஒப்பவில்லை. பயம் என்றால் பழகப் பழகக் குறைந்திருக்க வேண்டும். இது குறையவில்லை.

யோசித்துப் பார்த்தால், மோட்டார் சைக்கிளின் வேகம் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போகிற உத்தரவாக இருந்ததில்லை. ஒவ்வொரு நொடியும் கை புதுப்பித்துக்கொண்டே இருக்கும் சம்மதம் அது. கைப்பிடியை நம் பக்கம் முறுக்கும்போது கேபிள் இழுபட்டு, காற்று உள்ளே போகும் வழியில் இருக்கும் வட்டத் தகடு திறக்கிறது. அந்தத் தகட்டின் அச்சில் ஒரு சின்ன ஸ்பிரிங் சுற்றப்பட்டிருக்கும். திறந்த தகட்டை மூடிவிட வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு எண்ணம் கிடையாது. வண்டி ஓடும் நேரம் முழுக்க அது மூடப் பார்க்கிறது, கை திறந்து பிடித்திருக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டு, சாவியையும் எடுத்துவிட்டு, கைப்பிடியை முழுக்க முறுக்கிச் சட்டென்று விட்டுப் பாருங்கள். 'டக்' என்று ஒரு சத்தத்தோடு திரும்பி வந்து நிற்கும். மொத்த வண்டியிலும் மனிதன் தவறக்கூடும் என்று எதிர்பார்த்து வைக்கப்பட்ட பாகங்களில் முதன்மையானது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கை வழுக்கலாம், தூக்கம் சொக்கலாம், பள்ளத்தில் தூக்கி எறியப்படலாம், நெஞ்சு அடைக்கலாம். எதுவாக இருந்தாலும் கை விட்டால் எஞ்சின் அடங்க வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். இருநூறு கிலோமீட்டர் போனதும் மணிக்கட்டை வலிக்க வைப்பதும் அந்த ஸ்பிரிங்தான். சாலையில் சாய்ந்து விழுந்தால் பின்சக்கரம் தாறுமாறாகச் சுழன்று நம்மேல் ஏறாமல் காப்பதும் அதேதான். வலியையும் காப்பையும் தனித்தனியாகப் பிரித்து எடுத்துவிட முடியுமா என்பதே இந்த லாக்கைச் சுற்றி எனக்குள் எழும் கேள்வி.

இந்த ஸ்பிரிங் ஆரம்பத்திலிருந்தே இருந்த ஒன்றும் இல்லை. தொடக்க கால மோட்டார் சைக்கிள்களில் ஹேண்டில்பாரின்மேல் ஒரு சிறு நெம்புகோல்தான் த்ராட்டில். தள்ளி வைத்த இடத்தில் அது நிற்கும். பழைய ஹார்லி டேவிட்சன், இந்தியன் வண்டிகளின் முறுக்குப்பிடிகளும் விட்ட இடத்திலேயே நின்றவைதான். ஆங்கிலேய வண்டிகளில் பரவலாக இருந்த அமல் பிடியில் ஓர் உராய்வுத் திருகு உண்டு. இறுக்கினால் பிடி கனத்துப்போய், கையை எடுத்தாலும் அசையாது. ஆக, இன்று தனியாக வாங்கிப் பொருத்தும் இந்த வசதி ஒரு காலத்தில் வண்டியோடு கூடவே வந்தது. 1974இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்காவின் மோட்டார் சைக்கிள் தரவிதி, கையை விட்டதும் த்ராட்டில் தானாக மூடிக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமாக்கியது. வேறிடத்திலும் இதே எண்ணம் வேலை செய்வதைப் பார்க்கலாம். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்குப் போகும் மின்சார ரயிலின் மோட்டார்மேன், கையில் இருக்கும் பிடியை அழுத்திக்கொண்டேதான் ஓட்ட வேண்டும். அழுத்தம் விட்டுப்போனால் பிரேக் விழும். ஆயிரக்கணக்கானவர்களை ஏற்றிச் செல்லும் வண்டி, ஓர் உள்ளங்கை உயிரோடு விழித்திருக்கிறதா என்று ஓயாமல் விசாரித்துக்கொண்டே ஓடுகிறது. நூறாண்டுகளாக மனிதர்கள் வாகனங்களுக்குள் கொண்டுவந்து சேர்த்த இந்த விசாரிப்பை, கைவலிக்காக நான் கழற்றி வைக்கலாமா?

வலி பொய்யில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மணிக்கட்டைப் பின்பக்கம் வளைத்து, இறுகப் பிடித்து, மணிக்கணக்கில் ஒரே நிலையில் வைத்திருந்தால் உள்ளே ஓடும் நரம்புகள் நசுங்குகின்றன. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் பக்கம் மரத்துப்போனால் மணிக்கட்டின் நடுச்சுரங்கம் வழியாகப் போகும் நரம்பு சிரமப்படுகிறது என்று அர்த்தம். சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரத்துப்போனால், உள்ளங்கையின் வெளியோரம் ஓடும் இன்னொரு நரம்பு நசுங்குகிறது. ஒற்றை சிலிண்டர் வண்டியின் அதிர்வு இதோடு சேரும்போது இரவு படுத்த பிறகும் உள்ளங்கையில் ஒரு ரீங்காரம் இருந்துகொண்டே இருக்கும். ஆனால் இந்த வலிக்கெல்லாம் மருந்து லாக்தான் என்று முடிவுகட்டுமுன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். பல வண்டிகளில் ஆக்சிலேட்டர் கனமாக இருப்பதற்குக் காரணம் ஸ்பிரிங்கே இல்லை, காய்ந்துபோன கேபிள். உறைக்குள் தூசியும் துருவும் ஏறி, இழுக்கும்போது கம்பி உரசுகிறது. கேபிளைக் கழற்றி மேல்முனையிலிருந்து எண்ணெய் விட்டு, கிரிப்புக்குள் இருக்கும் பிளாஸ்டிக் குழாயையும் அது சுழலும் ஹேண்டில்பார் முனையையும் துடைத்துச் சுத்தம் செய்தால் பாதி வலி அன்றே போய்விடும். பிரேக் லிவரைக் கொஞ்சம் கீழே சாய்த்து, முன்கையும் விரல்களும் ஒரே கோட்டில் வருமாறு வைத்தால் இன்னொரு பங்கு குறையும். மிச்சமும் நாம் பிடிக்கும் பிடியில் இருக்கிறது. பதற்றத்தில் இருப்பவர் கைப்பிடியைப் பிழிகிறார். அந்தப் பதற்றத்தோடு லாக் போட்டு ஓட்டுவது முன்பைவிட மோசம்.

வேகத்தைத் தானாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு பற்றி நினைக்கும்போதெல்லாம் ரால்ஃப் டீட்டர் நினைவுக்கு வருகிறார். அமெரிக்காவின் இண்டியானாவைச் சேர்ந்த பொறியாளர். ஐந்து வயதில் பார்வையை இழந்தவர். அவருடைய வக்கீல் காரோட்டும்போது, தான் பேசினால் வேகத்தைக் குறைப்பதும் பிறர் பேச்சைக் கேட்டால் கூட்டுவதுமாக இருந்ததாகவும், அந்தக் குலுங்கலைப் பொறுக்க முடியாமல்தான் டீட்டர் தன் கருவியை யோசித்ததாகவும் சொல்வார்கள். 1950இல் காப்புரிமை கிடைத்தது. 1958இல் கிறைஸ்லர் கார்களில் வந்தது. இன்றைய குரூஸ் கண்ட்ரோலின் மூதாதை அது. பார்க்க முடியாதவர், ஓட்டுபவரின் கவனம் அலைவதை உடம்பால் உணர்ந்தார் என்பதே எனக்கு ஆச்சரியம். அவருடைய ஏற்பாடு வேகத்தை உணர்ந்து, மேட்டில் கூடுதலாகத் திறந்து, பிரேக்கைத் தொட்டதும் விலகிக்கொள்ளும் வம்சத்தைத் தொடங்கி வைத்தது. 2023இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 310 போன்ற வண்டிகளில் மின்னணு முறையில் அது இப்போது இருக்கிறது. நாம் தனியாக வாங்கிப் பொருத்தும் லாக் இந்த வம்சத்தைச் சேர்ந்ததே இல்லை. அதற்கு வேகம் தெரியாது, கைப்பிடி நின்ற கோணம் மட்டும் தெரியும். மேட்டில் வண்டி தானாகத் தளரும், இறக்கத்தில் தானாகப் பாயும். தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர்க் கணவாய் இறங்கும்போது லாக்கைப் போட்டிருப்பவர், முன்னால் தட்டுத்தடுமாறி இறங்கும் லாரியை நோக்கி ஒவ்வொரு நொடியும் கூடும் வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். பிரேக் பிடித்தாலும் லாக் விலகாது. எஞ்சின் முன்னே தள்ள, பிரேக் பின்னே இழுக்க, இரண்டுக்கும் நடுவில் டயர் திண்டாடும். கிளட்சைப் பிடித்தால் சுமை போன எஞ்சின் வீறிட்டு அலறும். அந்த அலறலை முதல் தடவை கேட்கிறவர் மிரண்டு கிளட்சை விட்டுவிட்டால் வண்டி தூக்கிப் பாயும்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? கடைகளில் த்ராட்டில் லாக் என்ற பெயரில் நான்கு விதமான பொருட்கள் ஒரே வரிசையில் தொங்குகின்றன. முதலாவது, கிரிப்பின்மேல் மாட்டும் பிளாஸ்டிக் நாக்கு. உள்ளங்கையின் அடிப்பகுதி அதன்மேல் தங்கும், விரல்களால் பிழியாமல் கையின் பாரத்தாலேயே ஆக்சிலேட்டரை வைத்திருக்கலாம். அது எதையும் பூட்டுவதில்லை, கை போனால் ஸ்பிரிங் தன் வேலையைச் செய்யும். அதிலும் ஓர் ஆபத்து உண்டு. நெரிசலில் பிரேக் லிவரை எட்டும்போதோ வண்டியை உருட்டித் திருப்பும்போதோ உள்ளங்கை அந்த நாக்கில் பட்டால் வண்டி எகிறும். இரண்டாவது, கிரிப்பைக் கவ்வி, தன் ஒரு முனையை பிரேக் லிவரின்மேல் சாய்த்து நிற்கும் வளையம். மலிவு, கருவி எதுவும் தேவையில்லை, நொடியில் மாட்டலாம். ஆனால் உயிரைக் காக்க வேண்டிய லிவர்மேல் வேறு எதையும் சாய்த்து வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மூன்றாவது, ஹேண்டில்பார் முனையிலிருக்கும் எடைக்குப் பதிலாகவோ அதோடு சேர்த்தோ வரும் உராய்வு மரை. அதை விரலால் திருப்பினால் கிரிப்பின் ஓரத்தை மெல்ல அழுத்திப் பிடிக்கும். நான்காவது, கிரிப்புக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் நடுவே உட்காரும் மெல்லிய எஃகுத் தகடுகள். கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்தினால் சிறிய பட்டை ஒன்று சுவிட்ச் பெட்டியின்மேல் உரசி நிற்கும், இன்னொரு பொத்தான் அதை விடுவிக்கும். கடைசி இரண்டில்தான் எனக்கு நம்பிக்கை. இரண்டும் உராய்வால் நிற்பவை. பல்லும் கொக்கியும் வைத்து மாட்டிக்கொள்பவை இல்லை. அதனால் பூட்டியிருக்கும்போதே கையால் முன்பக்கம் திருப்பினால் வழுக்கிக்கொண்டு மூடிக்கொள்ளும். மனிதனின் கைக்கு எப்போதும் தோற்றுப்போகும்படி செய்யப்பட்டிருப்பதுதான் அந்தப் பொருளின் முழு நேர்மை.

பொருத்துவது கண்ணுக்கு எளிது, விரலுக்கு நுட்பம். என் வண்டிக்கு அதைப் பொருத்திக் கொடுத்த மெக்கானிக் தம்பி, தகட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் கேபிளைத்தான் பார்த்தார். கைப்பிடியைத் திருப்பினால் கேபிள் இழுபடத் தொடங்கும் முன் ஒரு சிறு வெற்று அசைவு இருக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் கிரிப்பின் விளிம்பில் 2 முதல் 4 மில்லிமீட்டர். அது இல்லாத வண்டியில் எதையும் மாட்டக்கூடாது என்றார். கிரிப்பின் ரப்பர் ஓரத்தைச் சற்றுத் தள்ளி, குழாயின் பிளாஸ்டிக் தெரியும்படி செய்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் பிசுக்கைத் துடைத்தார். தகட்டை ஏற்றி ஆலன் கீயால் திருகை மெல்ல முடுக்கியவர், நடுவில் நிறுத்தி அந்த இடுக்கில் நகத்தை விட்டுப் பார்த்தார். "இந்த கேப் இருக்கணும் சார். வெயில்ல ரப்பர் ஊதும். ஊதி பெட்டில ஒட்டுனா, நீங்க பூட்டாமலே பூட்டிக்கும்" என்றார். இடைவெளி அதிகமானால் பட்டை எட்டாது, குறைந்தால் தானாகப் பிடித்துக்கொள்ளும். காகிதக் கனத்துக்குள் இருக்கிறது பாதுகாப்பு. பிறகு சோதனை. எஞ்சின் அணைந்திருக்க, பூட்டாமல் முழுக்க முறுக்கி விட்டார். பழைய அதே 'டக்' வந்தது. ஹேண்டில்பாரை இடது கோடிவரை திருப்பி ஒரு தடவை, வலது கோடிவரை திருப்பி ஒரு தடவை, மீண்டும் அதே சத்தம். பூட்டிவிட்டு இரண்டு விரலால் முன்பக்கம் தள்ளினார், மூடிக்கொண்டது. பிரேக் லிவரைக் கடைசிவரை இழுத்து, தகட்டின் எந்த மூலையும் அதில் படவில்லை என்று குனிந்து பார்த்தார். எஞ்சினை எழுப்பி ஐடிலில் வைத்து மறுபடியும் ஹேண்டில்பாரை இரு கோடிக்கும் திருப்பினார். சத்தம் ஏறினால் எங்கோ கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். ஏறவில்லை. "அண்ணே, நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு இந்த ஸ்குரூவ ஒருக்கா செக் பண்ணிருங்க" என்றார். அதுவரை சாராக இருந்த நான் அந்த இடத்தில் அண்ணனாகியிருந்தேன்.

லாக்கைப் போடும் இடத்தைவிடப் போடக்கூடாத இடங்கள் அதிகம். நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு மத்திய அரசு 2018இல் அறிவித்த உச்சவேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறோம். மோட்டார் சைக்கிளில் ஆக்சிலேட்டரும் முன்பிரேக்கும் ஒரே கையில் இருப்பவை. தொடையில் கிடக்கும் கை எழுந்து, பிடியைத் தேடி, லிவரை எட்டுவதற்குள் இரண்டு பஸ் நீளம் போயிருக்கும். நம் நெடுஞ்சாலைகளோ அடைத்துப் போட்ட சாலைகள் இல்லை. சென்டர் மீடியனில் ஊர்க்காரர்கள் உண்டாக்கிய இடைவெளியில் பால்கேன் கட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல் புகுந்து வரும். எதிர்த்திசையில் டிராக்டர் வரும். விராலிமலைப் பக்கம் மயில் குறுக்கே தாழப் பறக்கும். காவல்கிணறு தாண்டி முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே ஆடி மாதத்தில் போகிறவருக்குத் தெரியும், பக்கவாட்டுக் காற்று வண்டியை ஒரு முழம் தள்ளி வைத்துவிடும். அங்கே இரண்டு கையும் போதாது. மழை, வளைவு, ஊர் எல்லை, இருட்டு, முன்னால் வண்டி, பின்னால் ஆள் உட்கார்ந்து பேசிக்கொண்டு வருவது, இவை எதிலும் கூடாது. எல்லாம் கழித்தால் மிச்சம் வருவது, கண்ணுக்கெட்டிய தூரம் ஆளில்லாத நேர்சாலையில் சில நொடிகள். அந்தச் சில நொடிகளுக்காக இவ்வளவா என்று கேட்டால், ஆம். இருபத்துநான்கு மணி நேரத்தில் 1,600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சான்றிதழ் வாங்குகிறவர்களுக்கு மட்டுமில்லை, விரல் மரத்துப்போய் பிரேக்கின் அழுத்தமே தெரியாமல் ஓட்டும் எவருக்கும் அந்த நொடிகள் பாதுகாப்பையே கொடுக்கின்றன. மரத்த கையும் ஓர் ஆபத்துதான்.

என் உறுத்தலின் வேர் இன்னும் கொஞ்சம் கீழே இருப்பதாகத் தோன்றுகிறது. சந்தைக்குப் போய்த் திரும்பும் மாட்டுவண்டிக்காரர் இரவில் தூங்கிவிட்டாலும் மாடுகள் வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடும் என்று கிராமங்களில் சொல்வார்கள். அங்கே கயிற்றை விட்ட கையின் பொறுப்பை இன்னொரு உயிர் ஏற்றுக்கொண்டது. மாட்டுக்கு வழி தெரியும், பள்ளம் தெரியும், தன் உயிர்மேல் ஆசையும் உண்டு. மோட்டார் சைக்கிளில் கையை எடுக்கும்போது அந்தப் பொறுப்பை ஏற்க எதிர்ப்பக்கம் யாருமில்லை. கோணத்தை மட்டும் பிடித்து வைத்திருக்கும் ஓர் எஃகுத் தகடு இருக்கிறது. அதோடு, கை வெறும் கட்டளை கொடுக்கும் உறுப்பாக மட்டும் இருந்ததில்லை. எஞ்சின் திணறுவதை, தார் மாறி சிமெண்டு வருவதை, சக்கரத்தில் காற்று குறைவதைக் கண்ணுக்கு முன்பே அறிவது உள்ளங்கை. அதைப் பிடியிலிருந்து எடுத்தால், ஓய்வோடு சேர்ந்து ஒரு புலனும் கொஞ்ச நேரம் அணைகிறது. அதனால் நான் எனக்கு வைத்துக்கொண்டிருக்கும் முறை இது. பூட்டியிருக்கும் நேரத்திலும் பெரும்பாலும் கை பிடியின்மேலேயே இருக்கும், பிழியாமல், முறுக்காமல், சும்மா படிந்தபடி. எடுத்தால் விரலை மடக்கி நீட்டும் நேரம் மட்டும். இடது கைக்கு இந்தச் சலுகை கிடையாது, அது ஹேண்டில்பாரை விடாது. அலைபேசியையோ தண்ணீர்ப் பாட்டிலையோ எடுப்பதற்காகப் பூட்டுவது இல்லவே இல்லை. லாக் கைக்கு ஓய்வு கொடுப்பதற்கு, கைக்கு வேறு வேலை கொடுப்பதற்கு இல்லை.

இந்திய அரசின் 2022 கணக்கின்படி அந்த ஒரே ஆண்டில் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். இப்படிப்பட்ட சாலையில் ஸ்பிரிங்கின் பக்கம் நிற்பதே சரி என்று நினைக்கிறேன். லாக் வாங்கப் போகிறவரிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். எஞ்சினை அணைத்து, வண்டியில் மாட்டி, பூட்டிப் பாருங்கள். பூட்டியபடியே கைப்பிடியை முன்பக்கம் திருப்புங்கள். இரண்டு விரல் பலத்தில் மூடிக்கொண்டால் வைத்துக்கொள்ளுங்கள். மூடாவிட்டால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எவ்வளவு பெரிய பேர்பெற்ற பொருளாக இருந்தாலும், கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கேபிளுக்கு எண்ணெய் விட்டு, மணிக்கு ஒருமுறை சாலையோரம் நிறுத்தி ஒரு டீ குடித்தாலே கைக்கு வேண்டிய ஓய்வு கிடைத்துவிடும்.